உதவித்தொகை வாங்கித் தரும் 150 மணி நேரம்

"எங்களுக்கெல்லாம் கிடைக்காது டீச்சர். நாங்க ரெண்டு பேருமே வேலை பார்க்கிறோம்ல."

மாணவர் நலப் பிரிவில் 12 ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் சிங்கப்பூரின் ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில், இப்போது ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக், சுருக்கமாகப் பாலி). தமிழ்ப் பெற்றோரிடமிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சொன்னவர்களில் பலருக்கு உதவித்தொகை உண்மையில் கிடைத்திருக்கும். அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகைக்கு யார் தகுதி என்று பார்க்கும்போது, வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை. வீட்டின் மொத்த மாத வருமானத்தை வீட்டில் இருக்கும் தலைகளால் வகுப்பார்கள். அப்பா லாரி ஓட்டி 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அம்மா பகுதிநேரத் துப்புரவு வேலையில் 1,200 வெள்ளி. கூட்டினால் 3,600. வீட்டில் பாட்டியோடு சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு 600 வெள்ளி. பாட்டியையும் தம்பி தங்கைகளையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் 'ரெண்டு பேர் சம்பளம்' பெரிதாகத் தெரிகிறது. இப்படி ஒரு குடும்பம் விண்ணப்பிக்காமல் இருந்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, கட்டணமே குறைவுதானே, எதற்கு உதவித்தொகை என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக, பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி வரும். ஐடிஇயில் அதைவிட மிகவும் குறைவு. அரசாங்கத்தின் கல்வி உதவிநிதி இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் அரசாங்கம் பிள்ளைகள் பெயரில் போடும் எடுசேவ் பணத்தில் மிச்சமெல்லாம் போய்ச் சேரும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு இருக்கிறது. பட்டயக் கல்விக் கட்டணத்துக்குப் பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) கடன் எடுக்கலாம், பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். இத்தனையும் இருக்கும்போது ஒரு பிள்ளை ஏன் படிப்பை விடவேண்டும்?

கட்டணத்துக்காக விட்ட பிள்ளைகளை நான் பார்த்தது குறைவு. சோற்றுக்காக, பேருந்துக்காக, தம்பியின் பள்ளிச் சீருடைக்காக, மின்கட்டணப் பாக்கிக்காக விட்டவர்கள்தான் அதிகம். கல்விக் கணக்கில் இருக்கும் பணம் கட்டணத்துக்குப் போகும், அதை எடுத்து மதியச் சாப்பாடு வாங்க முடியாது. சேமநிதிக் கடனும் அப்படியே. கையில் ரொக்கமாக வருவதும், எதற்குச் செலவழித்தாய் என்று ஒவ்வொரு ரசீதாகக் கேட்காமல் தருவதும் பெரும்பாலும் நன்கொடையாளர்களின் பணத்திலிருந்து வரும் உதவித்தொகைதான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு. காலை எட்டு மணி வகுப்புக்கு வருவான், ஒன்பது மணிக்குத் தலை மேசையில் சாய்ந்துவிடும். விரிவுரையாளர் இரண்டு முறை கண்டித்துவிட்டு என்னிடம் அனுப்பினார். "ஓகே மிஸ், இனிமே தூங்க மாட்டேன்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் வாயைத் திறந்தான். வாரத்தில் நான்கு இரவு துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் பொட்டலம் பிரிக்கும் வேலை. பதினோரு மணிக்குத் தொடங்கி அதிகாலை ஐந்து வரை. அப்பாவுக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு, வாரத்துக்கு மூன்று நாள். லாரி ஓட்டுவது நின்றுபோயிருந்தது.

"ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். "கேட்டா அம்மா அழுவாங்க மிஸ்" என்றான்.

அவனுக்கு அந்தச் செமஸ்டர் ஒரு அறக்கட்டளையின் உதவித்தொகையிலிருந்து 1,500 வெள்ளி கிடைத்தது. 1,500 வெள்ளி ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துமா? நிறுத்தாது. ஆனால் மணிக்கு 10 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அது 150 மணி நேர வேலை. பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 10 மணி நேரம். அவன் கிட்டத்தட்ட இரண்டு இரவு வேலையை விட்டான். இரண்டு இரவு தூங்கினான். வருகைப்பதிவு ஏறியது. வருகை குறைந்தால் தேர்வெழுதவே விடமாட்டார்கள், அந்தப் பாடத்தை மறுபடி படிக்கவேண்டும், படிப்பு இன்னும் நீளும், செலவு இன்னும் கூடும். அந்தச் சுழலுக்குள் அவன் போகாமல் இருந்ததற்கு அந்த இரண்டு இரவுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கு நான் புரியவைக்க நினைப்பது இதைத்தான். நீங்கள் கொடுப்பது ஒரு பிள்ளைக்குத் தூங்கவும் படிக்கவும் ஆய்வுக்கூடத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருக்கவும் நேரம் வாங்கித் தருகிறது. அப்படிப் பார்த்தால் 300 வெள்ளிகூட 30 மணி நேரம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பல பெற்றோர் இதை அரசாங்கப் பணம் என்றே நினைக்கிறார்கள். ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் ஐடிஇக்கும் நன்கொடை வாங்கும் நிதிகள் இருக்கின்றன. 1952இல் தொடங்கிய லீ அறநிறுவனம் போன்ற பெரியவர்கள் தருகிறார்கள். நிறுவனங்கள் தருகின்றன, முன்னாள் மாணவர்கள் தருகிறார்கள், இறந்துபோன அப்பா அம்மா பெயரில் பிள்ளைகள் தருகிறார்கள். பணம் இரண்டு விதமாக வைக்கப்படுகிறது. ஒன்று, வந்த பணத்தை அந்தந்த ஆண்டே மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவது. இன்னொன்று வைப்புநிதி. முதலைத் தொடாமல் முதலீட்டு வருவாயை மட்டும் செலவழிப்பார்கள். ஒருவர் 1,00,000 வெள்ளி வைத்து ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுக்க முடிந்தால் 4,000 வெள்ளி வரும். இரண்டு மூன்று மாணவர்களுக்கு, ஆண்டுதோறும். வைப்புநிதி நீண்டகாலத்துக்கு நல்லது. ஆனால் ஒரு வீட்டில் திடீரென்று அப்பாவுக்கு வேலை போய்விட்டால் எனக்கு இந்த மாதமே 500 வெள்ளி வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் அவசர நிதிதான் உதவும். இரண்டும் தேவை. நன்கொடையாளர்கள் முதல் வகையைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிடாமல் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஒத்தாசை.

அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ்களிலும் இதே நிலைதான். அங்கே இரண்டாண்டு படித்துவிட்டு வேலைக்கும் போகலாம், பல்கலைக்கழகத்துக்கும் மாறலாம். நம் ஐடிஇக்கும் பாலிக்கும் நடுவில் வைத்துப் பார்க்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசின் பெல் மானியம் கட்டணத்தைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. வாடகையும் சாப்பாடும் போக்குவரத்தும்தான் பிள்ளைகளை வெளியே தள்ளுகின்றன. அதனால் கல்லூரிகள் நன்கொடைப் பணத்தில் அவசர உதவிகளை நடத்துகின்றன. கட்டணம் சின்னதாக இருக்கும் இடத்தில் வாழ்க்கைச் செலவு பெரிதாகத் தெரிகிறது, இங்கேயும் அங்கேயும்.

நம் சமூகத்துக்கு இது புதிதல்ல. 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு, அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வேண்டும் என்பதற்காக, சாதாரணத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். இன்று சம்பளம் வாங்கும் இந்தியர்களின் மத்திய சேமநிதிப் பங்களிப்போடு சேர்ந்து, விலகிக்கொள்ளாத எல்லோரிடமிருந்தும் மாதந்தோறும் இந்தியர்களின் கல்விக்கும் முன்னேற்றத்துக்கும் உதவும் சிண்டாவுக்கு ஒரு தொகை போகிறது. சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. 1991இல் தொடங்கிய அமைப்பு. நீங்கள் சம்பளம் வாங்குகிறவர் என்றால் அநேகமாக ஏற்கெனவே நன்கொடையாளர்தான், அதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உங்கள் பணம் இருக்கும் இடத்தில் உங்கள் பிள்ளை உதவி கேட்பதில் என்ன வெட்கம்?

வெட்கம்தான் நான் தினமும் மோதும் சுவர். ஒரு அம்மா என் எதிரில் உட்கார்ந்து, பாதி நிரப்பிய படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். "பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். மகள் தாதிமைப் படிப்பு, முதல் ஆண்டு. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக வெள்ளைக் காலணி வாங்கவேண்டும், பழைய காலணியின் அடிப்பகுதி பிய்ந்திருந்தது. நான் அந்த அம்மாவிடம் தத்துவம் எதுவும் பேசவில்லை. "அக்கா, இந்த நிதிக்கு மாசம் 50 வெள்ளி குடுக்குறவர் ஒருத்தர் இருக்கார். முன்னாடி பேருந்து ஓட்டுனர். இந்தப் பணம் யாருக்கும் போகாம அப்படியே நின்னா அவருக்கு மனசு கஷ்டப்படும்" என்றேன். அது நிஜம். அவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் படிவத்தை வெளியே எடுத்தார்.

விண்ணப்பத்தில் 'உங்கள் குடும்பச் சூழலை எழுதவும்' என்று ஒரு பகுதி வரும். நம் பிள்ளைகள் அங்கே "குடும்ப வருமானம் குறைவு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மேடையில் யாரும் படிக்கப்போவதில்லை என்று நான் சொல்வேன். அப்பாவுக்கு என்ன நோய், எவ்வளவு நாளாக, வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள், நீ வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறாய் என்று எண்களோடு எழுது. அழவைக்கும்படி எழுதவேண்டாம். இருப்பதை இருக்கிறபடி எழுதினால் போதும், தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

பிறகு, உபகாரச் சம்பளத்தையும் உதவித்தொகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உபகாரச் சம்பளம் மதிப்பெண்ணையும் மற்றத் திறமைகளையும் முதலில் பார்க்கும். நிறுவனங்கள் தரும் சிலவற்றில் படிப்பு முடிந்ததும் அங்கே இத்தனை ஆண்டு வேலை செய்யவேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உதவித்தொகை குடும்ப நிலையை முதலில் பார்க்கும், பொதுவாக ஒப்பந்தம் எதுவும் இருக்காது. "என் மகன் சுமாராத்தான் படிப்பான்" என்று சொல்லி உதவித்தொகைக்குப் போடாமல் விடுவது இந்தக் குழப்பத்தால்தான். அரசாங்க உதவிநிதிக்குக் குடிமக்களாக இருக்கவேண்டும். நன்கொடையாளர் நிதிகளில் சில நிரந்தரவாசிகளையும் ஏற்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

ஐடிஇ பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த ஐடிஇ முன்னேற்ற விருது என்று ஒன்று உண்டு. 30 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூர்க் குடிமக்களான, ஐடிஇ படிப்பை முடித்தவர்கள் பட்டயப் படிப்பில் சேரும்போது கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, முடித்ததும் சேமநிதிச் சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளி. நல்ல திட்டம், நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் இதுவும் கையில் ரொக்கமாக வராது. ஐடிஇயின் நைட்டெக் சான்றிதழ்ப் படிப்பை முடித்து மூன்று நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும் 22 வயதுப் பெண் மறுபடி படிக்க வருகிறாள் என்றால், வீடு ஒரு சம்பளத்தை இழக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப மறுபடி நன்கொடையாளர்தான் வரவேண்டும்.

கொடுக்க நினைப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, நிபந்தனைகளைக் குறையுங்கள். இன்ன பாடம், இன்ன மதிப்பெண்ணுக்கு மேல், இன்ன பாலினம், இன்ன ஊர்ப் பூர்வீகம் என்று நான்கு சல்லடை வைத்தால், சில ஆண்டுகள் அந்தப் பணம் யாருக்கும் பொருந்தாமல் நின்றுவிடும். தேவையுள்ள பிள்ளை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்க, பணம் கணக்கில் இருக்க, இரண்டையும் சேர்க்க முடியாமல் தவித்த நாட்கள் எனக்கு உண்டு.

இரண்டாவது, பிள்ளையை மேடையேற்றிப் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்கவேண்டும் என்று கேட்காதீர்கள். 17 வயதில் நண்பர்கள் முன்னால் 'ஏழை மாணவன்' என்று நிற்பது எவ்வளவு கனமானது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் அந்த நிகழ்ச்சிக்குப் பயந்தே அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. நன்றிக்கடிதம் எழுதச் சொல்கிறோம், அவர்கள் எழுதுகிறார்கள், சில கடிதங்களைப் படித்து நானே கண் கலங்கியிருக்கிறேன். அது போதாதா? சாப்பாடு போட்டு உட்கார்ந்து பேச ஆசைப்பட்டால் தாராளமாகக் கூப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது, வேலை உலகத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள்.

ஐபிசி தகுதி (பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம்) பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு 2016 முதல் 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 1,000 வெள்ளி கொடுத்தால் உங்கள் வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி குறையும். பெரிய தொகை இல்லையென்றால் கிவிங்.எஸ்ஜி தளத்தில் மாதந்தோறும் சிறுதொகையாகவும் கொடுக்கலாம்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. பாலியில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். விண்ணப்பங்களும் பெரும்பாலும் அதையொட்டியே திறக்கும், சில வாரங்களில் மூடிவிடும். பிள்ளையின் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் அறிவிப்பு வரும், பிள்ளைகள் அந்த மின்னஞ்சலைத் திறப்பதில்லை. அதனால் நீங்களே கேளுங்கள். வீட்டில் சம்பாதிக்கும் எல்லோருடைய சமீபத்திய சம்பளச் சீட்டு அல்லது மத்திய சேமநிதி அறிக்கை, வேலை இல்லாதவர் இருந்தால் அதற்கான கடிதம், மருத்துவச் சீட்டுகள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸில் நுழையத் தெரியாவிட்டால் பிள்ளையோடு நேரில் வாருங்கள், நாங்கள் உட்கார்ந்து செய்துகொடுப்போம். தேதி தாண்டிவிட்டாலும் வாருங்கள். அவசர நிதிக்குத் தேதி கிடையாது.