கலப்பது வேறு, சேர்வது வேறு

போன வருடம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். கழிவறையில் ஆசிட் ஊற்றியிருக்கிறார். கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவியிருக்கிறார். கதவு சாத்தியிருந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, எப்படியோ வெளியே வந்து விழுந்திருக்கிறார்.

"ரெண்டுமே க்ளீன் பண்றதுதானே சார்? சேர்த்துப் போட்டா இன்னும் நல்லா போகும்னு அம்மா நினைச்சாங்க" என்றாள் அந்தப் பெண்.

அதற்கு முந்தைய வாரம்தான் தனிமம், சேர்மம், கலவை பாடத்தை முடித்திருந்தேன். வேறுபாடுகளைப் பட்டியலிட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். பட்டியல் மனப்பாடம் ஆனது. விஷயம் வீடு வரை போய்ச் சேரவில்லை. அந்தக் குறை என்னுடையது.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தை இரும்புத்தூளையும் கந்தகத்தையும் மேசைமேல் வைத்துத்தான் தொடங்குகிறேன். 7 கிராம் இரும்புத்தூள், 4 கிராம் கந்தகத்தூள். இரண்டையும் காகிதத்தில் கொட்டிக் கலந்தால் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு தூள். அடியில் காந்தத்தை நகர்த்தினால் இரும்பு மட்டும் கூடவே ஊர்ந்து வரும். கலவை என்றால் இதுதான். அவரவர் குணம் அவரவரிடமே இருக்கும், பிரித்தும் எடுத்துவிடலாம். 916 நகையில் தங்கமும் செம்பும் இருப்பதும் இப்படித்தான், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும்.

பிறகு அதில் கொஞ்சத்தைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்குவேன். ஓரிடத்தில் சிவந்து கனலத் தொடங்கியதும் விளக்கை எடுத்துவிடுவேன். விளக்கு இல்லாமலே அந்தச் சிவப்பு தூள் முழுக்கப் பரவும். வகுப்பில் அப்போது ஒரு சத்தம் இருக்காது. ஆறியதும் கிடைக்கும் கருப்புக் கட்டி இரும்பு சல்ஃபைடு. வினை முழுமையாக நடந்திருந்தால் காந்தத்துக்கு அது அசைவதில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதுவும் நச்சு வாயுதான், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டே விடுவேன். உள்ளே போனது அதே இரும்பு, அதே கந்தகம். வெளியே வந்தது மூன்றாவது ஒன்று. சேர்மம் என்றால் இதுதான்.

நாம் தினமும் சாப்பிடும் உப்பும் அப்படித்தான். சோடியம் தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கக்கூடிய உலோகம். குளோரின் நச்சு வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை ஏவியது அதைத்தான். இரண்டும் சேர்ந்தால் ரசத்தில் போடும் உப்பு. சேர்மத்தில் சேர்ந்தவற்றின் குணம் தங்குவதில்லை.

கழிவறையில் நடந்தது இதற்கு நேர் எதிர்த் திசை. பிளீச்சிங் பவுடரில் இருக்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சேர்மம், ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்மம். இரண்டும் சந்தித்தால் வெறும் கலவையாக நிற்காமல் வினைபுரிந்து குளோரினை வெளியே விடுகின்றன. அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகம் இருக்கும் உயரமும் அதுதான். பாட்டிலில் வரும் திரவ பிளீச்சுக்கும் இதே கதைதான்.

அதனால் ஆசிட் போட்ட இடத்தில் அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம். எதைப் போட்டாலும் ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். தெரியாமல் கலந்துவிட்டு நெடி ஏறினால், கழுவி விடலாம் என்று உள்ளேயே நிற்காதீர்கள். போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுங்கள். கண்ணைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். எதை எதோடு கலந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலில் சரியானதுபோல் இருந்து சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு, அன்று இரவு நெடியை சுவாசித்தவரைத் தனியாக விடாதீர்கள்.