எச்.ஓ.ஏ.வை ‘நலச் சங்கம்’ என்று சொல்லலாமா?

அமெரிக்காவில் முதன்முதலாக வீடு வாங்கப் போகும் தமிழர்களுக்கென்று எழுதப்படும் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: “எச்.ஓ.ஏ. என்பது நம்ம ஊர் குடியிருப்போர் நலச் சங்கம் மாதிரி. மாதாமாதம் ஒரு சந்தா கட்ட வேண்டியிருக்கும்.” காணொளிகளிலும் இதே வரிதான். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. ஒரே வரியில் இரண்டு தப்பான சொல். ஒன்று சங்கம், இன்னொன்று சந்தா. இரண்டையும் நம்பி நடப்பவர் வீட்டையே இழக்க நேரலாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எச்.ஓ.ஏ. என்பதன் மூலச்சொல் ‘ஹோம்ஓனர்ஸ் அசோசியேஷன்’, அதாவது ஒரு குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் அமைப்பு. ‘அசோசியேஷன்’ என்பதன் வேர், கூட்டாளி என்று பொருள்படும் ‘சோசியஸ்’ என்ற லத்தீன் சொல். பெயரை வைத்துப் பார்த்தால் நாலு வீட்டுக்காரர்கள் மனமொத்துக் கூடிய அமைப்பு போலத் தெரியும். புறநகர்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. மனை பிரித்து வீடு கட்டும் நிறுவனம், முதல் வீட்டை விற்கும் முன்பே இதை உருவாக்கி, கட்டுப்பாடுகள் அடங்கிய ஆவணத்தைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பிறகு அந்த மனையை வாங்குகிறவர் யாராக இருந்தாலும், வாங்கிய நிமிடமே உறுப்பினர். விண்ணப்பம் கிடையாது. வீட்டை விற்காமல் விலகவும் முடியாது. அடுக்குமாடிகளையும் சேர்த்தால் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் கீழே 7 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் குடியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டாயம் எங்கே உறுதிப்பட்டது என்பதற்கு 1938 இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்வார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நெப்போன்சிட் என்று ஒரு கடற்கரைக் குடியிருப்பு. சாலை, பூங்கா, கடற்கரைப் பராமரிப்புக்காக ஒவ்வொரு மனைக்காரரும் ஆண்டுதோறும் ஒரு தொகை தரவேண்டும் என்று விற்கும்போதே பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். பின்னால் ஒரு மனையை நீதிமன்ற விற்பனையில் எடுத்த எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி அதைத் தர மறுத்தது. அந்தக் கடமை ஆளோடு நிற்பதில்லை, மனையைத் தொடர்ந்து வருவது என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. ‘நான் சம்மதிக்கவில்லையே’ என்ற வாதம் வங்கிக்கே எடுபடவில்லை.

இப்போது நம் நலச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்திருப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, கொசு மருந்து அடிக்க ஆள் வரவில்லை என்று மாநகராட்சிக்கு மனு கொடுப்பார்கள். பொங்கலுக்குக் கோலப்போட்டி. சந்தா கொடுக்காத வீட்டைப் பார்த்துச் செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். உங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவர் சொல்ல முடியாது. (அடுக்குமாடி உரிமைக்கு 1994 இலும் 2022 இலும் தனிச் சட்டங்கள் வந்திருக்கின்றன. அது வேறு கதை.) தமிழில் ‘சங்கம்’ என்றால் சேரலாம், சேராமலும் இருக்கலாம். மாதர் சங்கம், தொழிற்சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், எல்லாமே அப்படித்தான்.

டாலஸுக்கு வடக்கே, தமிழர்கள் நிறைய பேர் வீடு வாங்கும் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி சொன்னதை அப்படியே தருகிறேன்: “அண்ணா, நாங்க அந்தச் சங்கத்துல சேரவே இல்லையே. நீச்சல் குளத்துப் பக்கம்கூடப் போனதில்ல. எதுக்குப் பணம் கட்டணும்?” பதிவுத்தபாலில் கடிதம் வந்த பிறகு கேட்ட கேள்வி இது. பாக்கித் தொகையோடு தாமதக் கட்டணமும் வக்கீல் செலவும் அதற்குள் ஏறியிருந்தன. படித்தவர்கள்தான், ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த ‘சங்கம்’ என்ற சொல் மனதில் உட்கார்ந்திருந்ததால், கடிதத்தில் இருந்ததைவிட அந்தச் சொல்லைத்தான் நம்பினார்கள்.

அந்தக் கடிதங்களின் மொழியைப் படித்தால் அதிகாரம் எவ்வளவு என்று தெரியும். குப்பைத்தொட்டி தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்பார்கள், படம் எடுத்துச் சேர்த்திருப்பார்கள். முன்புறப் புல் வளர்ந்துவிட்டது. வேலி அனுமதி இல்லாமல் போடப்பட்டது. கதவின் நிறம் பட்டியலில் இல்லை. டெக்சாஸ் சட்டப்படி 30 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அபராதத் தொகைக்காக மட்டும் வீட்டை விற்க முடியாது. ஆனால் கட்டவேண்டிய பாக்கி நின்றால், நீதிமன்ற உத்தரவு பெற்று வீட்டை விற்கவே வழி இருக்கிறது. விற்ற பிறகும் 180 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம் என்பது ஒரு ஆறுதல். கலிஃபோர்னியாவில் பாக்கி 1,800 டாலரைத் தொட்டிருக்க வேண்டும் அல்லது 12 மாதம் கடந்திருக்க வேண்டும், அப்போதுதான் வீட்டில் கைவைக்க முடியும். நெவாடாவில் 9 மாதப் பாக்கிக்கு வங்கியின் வீட்டுக்கடனையே முந்துகிற உரிமை உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014 இல் சொன்னது. இப்படியொரு அமைப்புக்கு ‘நல’ என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்?

வீட்டின் மேல் ஏறும் இந்தப் பிடிக்கு ஆங்கிலத்தில் ‘லீன்’ என்று பெயர். கலைச்சொல் பட்டியல்களில் ‘பற்றுரிமை’ என்று போட்டிருக்கிறது. யாருக்குப் புரியும்? நம்மிடம் ‘வில்லங்கம்’ இருக்கிறது. கால் கிரவுண்டு வாங்குகிறவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ‘உங்கள் வீட்டின் மேல் வில்லங்கம் ஏறிவிடும்’ என்று ஒரு முறை சொன்னால் போதும், அறுபது வயது அம்மாவும் நிமிர்ந்து உட்காருவார். இவ்வளவு கூர்மையான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பற்றுரிமையைத் தேடிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, சந்தாவுக்கு வருவோம். பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல் அது. வந்த வழி எனக்குக் குறையில்லை, பொருள்தான் குறை. பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினால் பத்திரிகை வராது, அதோடு கணக்கு முடிந்தது. ‘கட்டணம்’ என்பதும் சரியில்லை. பயன்படுத்தியதற்குத் தருவது கட்டணம், நீச்சல் குளத்துக்குப் போகாதவர் ஏன் தரவேண்டும் என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதற்குச் சரியான சொல் ‘வரி’. அரசு வாங்குவதுதானே வரி என்பார்கள். அப்படியில்லை. நம் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதில்லையா? ஊர் கூடி ஒரு தொகை முடிவு செய்யும், ஒவ்வொரு தலைக்கட்டும் தந்தாக வேண்டும், நான் சாமி கும்பிடுவதில்லை என்று தப்ப முடியாது. அரசு அல்லாத அமைப்பு, வீட்டுக்கணக்கில் கட்டாயமாக வாங்குவது. அதனால் ‘மனைக்கட்டு வரி’ என்பதே என் தெரிவு. கல்வெட்டுகளில் வரும் ‘மனையிறை’ என்ற சொல்லை எடுக்கலாம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். அழகான சொல்தான். ஆனால் இன்றைய காதுக்கு இறை என்றால் கடவுள்.

இனி அமைப்பின் பெயர். தனித்தமிழ் அன்பர்கள் ‘மனைக்கிழார் கழகம்’ என்கிறார்கள். கிழமை என்றால் உரிமை, கிழார் என்றால் உரியவர், எல்லாம் சரி. ஆனால் வக்கீல் கடிதத்தோடு நிற்கிறவர் அகராதி புரட்டும் நிலையில் இல்லை. இன்னொரு கட்சி ‘குடியிருப்பு வாரியம்’ என்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் இருக்கின்றன. அங்கே தேர்ந்தெடுக்கப்படுவதற்கான தகுதிகளில், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பதும் வரி செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் வைத்திருப்பதும் அடக்கம் என்பது இந்தக் கட்சியின் பலமான சான்று. அந்தக் கல்வெட்டு எழுந்த பராந்தக சோழன் காலத்துக்கு அது பொருந்தும். இன்று வாரியம் என்றதும் மின்வாரியமும் வீட்டு வசதி வாரியமும்தான் நினைவுக்கு வரும், அரசு அலுவலகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். எச்.ஓ.ஏ. அரசு இல்லை, தனியார் அமைப்பு. தொல்லையே அங்கேதான்.

‘மன்றம்’ பொருந்துகிறது. ஊராட்சி மன்றம், நகர்மன்றம், நீதிமன்றம் என்று முடிவெடுத்துக் கட்டுப்படுத்தும் இடங்களுக்கு நாம் வைத்த பெயர் அது. ரசிகர் மன்றமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முன்னால் ‘மனைக்கட்டு’ வந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். மனைக்கட்டு மன்றம், மனைக்கட்டு வரி. பேச்சில் எச்.ஓ.ஏ. என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அதில் ஒரு பாதகமும் இல்லை. புரியாத சொல்லைக் கேட்டால் மனிதர் விளக்கம் கேட்பார். புரிந்ததுபோல் இருக்கும் தப்பான சொல்லைக் கேட்டால் கேட்கமாட்டார்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் ஒரு மனக்குறை. மனையைத் தொடர்ந்து வரும் கடமையை ‘நிலத்துடன் ஓடும் உடன்படிக்கை’ என்று ஒரு பிரசுரத்தில் மொழிபெயர்த்திருந்ததைப் படித்தேன். நிலம் எங்கே ஓடுகிறது? நம் பத்திர எழுத்தர்கள் ‘பின்னால் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்’ என்று நேராக எழுதிவிட்டுப் போவார்கள். அதைவிட மோசம், ‘கம்யூனிட்டி’க்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘சமூகம்’ என்று போடுவது. ‘எங்கள் சமூகத்தின் கட்டுப்பாடுகளை மீறக்கூடாது’ என்ற வாக்கியம் தமிழில் எதைக் குறிக்கும் என்று நமக்குத் தெரியாதா? அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட குடியிருப்புப் பத்திரங்களில் கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை வெகுகாலம் இருந்தது. நீதிமன்றங்கள் அதை நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948 இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வரலாறு இருக்கும் இடத்தில் சாதி வாடை அடிக்கும் ஒரு சொல்லைக் கொண்டுபோய் வைப்பது பொறுப்பில்லாத வேலை. ‘குடியிருப்பு’ என்று எழுதினால் போதும்.

அப்புறம், டெக்சாஸில் பழைய வீடு வாங்கும்போது மன்றம் தரும் ‘ரீசேல் சர்டிஃபிகேட்’ ஒன்று உண்டு. மனைக்கட்டு வரி எவ்வளவு, சிறப்பு வரி ஏதும் போட்டிருக்கிறார்களா, விற்பவர் வைத்திருக்கும் பாக்கி, தெரிந்த விதிமீறல்கள் எல்லாம் அதில் இருக்கும். இதை ‘மறுவிற்பனைச் சான்றிதழ்’ என்று மொழிபெயர்த்திருப்பதால், விற்கிறவர் பார்த்துக்கொள்ளும் காகிதம் என்று வாங்குகிறவர் விட்டுவிடுகிறார். ‘நிலுவைச் சான்று’ என்று எழுதுங்கள். வில்லங்கம் பார்த்துப் பழகிய நம் ஆட்கள் தாங்களாகவே கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்ப்பார்கள்.