பில்லில் அச்சிட்டதெல்லாம் சட்டம் அல்ல

சென்ற வாரம் வழக்கறிஞரான என்னைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி, வாங்கிய பத்தாம் நாளே குளிர்விப்பதை நிறுத்திவிட்ட ஃப்ரிட்ஜின் பில்லை எடுத்து நீட்டினார். அதன் அடியில் அச்சிட்டிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் கடைக்காரர் தொட்டுக் காட்டினாராம். அதுதான் சட்டம் என்று நம்பி வீடு திரும்பியவர், யாரோ சொல்லக் கேட்டு என்னிடம் வருவதற்குள் இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன. நுகர்வோர் வழக்குக்கான காலவரம்பு 2 ஆண்டுகள். தாமதத்தை மன்னிக்க, இவ்வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதற்குப் போதிய காரணத்தை நிறுவுவது எளிதல்ல. இப்படி வருவோரில் இவர் முதலாமவரும் அல்லர்.

விற்பவர் தாமே எழுதித் தாமே அச்சடித்த ஒரு வரி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எப்படி மீறி நிற்கும்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் குறித்திருந்தால் அதற்குள்ளும், குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் பணத்தைத் தந்தாக வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, வேறிடத்தில் விலை குறைவு என்பவை பழுதாகா. அங்கே இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள்.

இது புதிதாக முளைத்த கருத்தும் அல்ல. துணி தொலைந்தால் அதன் விலையில் 15 சதவீதம் மட்டுமே தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்த ஒரு சலவை நிலையத்தின் நிபந்தனையை, 1960களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் பொதுக் கொள்கைக்கு முரணானது என்று ஒதுக்கியது. அதை அனுமதித்தால், புதுப் புடவையை அற்ப விலைக்கு அபகரித்துக்கொள்ள வழிவிட்டதாகிவிடும் அல்லவா? வாடிக்கையாளர் சாவியை ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடு போனால், 'வாகன உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. (சாவி யார் கையில் இருந்தது என்பதே இத்தகைய வழக்குகளில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி.)

புதிதாகக் கடை திறப்பவர்கள் கூட, 'எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் சார்' என்று கேட்டு வருகிறார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. எல்லாச் சீட்டிலும் இதே வாசகம் இருப்பதால், மருந்து அட்டையில் உள்ள உண்மையான எச்சரிக்கையைக்கூட மக்கள் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்திடும் ஒப்புதல் படிவமும் எல்லாப் பொறுப்பையும் நீக்கிவிடாது: அதில் நீங்கள் ஏற்பது சிகிச்சைக்குரிய இயல்பான அபாயங்களை மட்டுமே, மருத்துவரின் அலட்சியத்தை அல்ல.

பழுது தெரிந்த அன்றே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லை நான் எப்படி ஆணையத்தில் நிரூபிப்பேன்? பில் இல்லாமல் பொருள் வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் வழக்குக் கட்டணமும் இல்லை. இப்போது தரும் பில்களில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது, ஆகவே வாங்கிய நாளிலேயே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் வாருங்கள்.