ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்: பழைய ராக் ஆல்பங்களும் புது ரீமாஸ்டர்களும்

காட்பாடி காந்தி நகரில் சின்னதாக ஒரு மாஸ்டரிங் அறை, அதாவது பதிவான பாட்டு வெளியாகும் முன் அதன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்கிற இடம், வைத்திருக்கிறேன். சர்ச் காயர் ஆல்பம், கூத்துப் பாட்டு, குறும்பட ஒலி, இவைதான் சோறு போடுகிற வேலை. வீட்டில் தூங்குகிற கேசட்டையும் இசைத்தட்டையும் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதும் உண்டு. நடுநடுவே விஐடி பிள்ளைகள் வருவார்கள். ரிவியரா என்ற அவர்கள் கல்லூரி விழா மேடைக்கு முன் டெமோ ஒன்றைத் தேற்றிக்கொண்டு போக வேண்டும் அவர்களுக்கு. வேலை முடிந்து கிளம்பும்போது யாராவது ஒருவர் போனை நீட்டுவார்: “அண்ணா, பிங்க் ஃபிளாய்டோட டார்க் சைட் ஆஃப் தி மூன் 50ஆம் ஆண்டு ரீமாஸ்டராம். ரெக்கார்டு நாலாயிரம் ரூபா கிட்ட வருது. வாங்கலாமாணா?”

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பழைய பதிப்பில் என்ன கோளாறு இருந்தது, இதில் எதைச் சரிசெய்திருக்கிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் வாங்கு. தெரியாவிட்டால் துட்டு பையிலேயே இருக்கட்டும்.

கேட்கிறவர்கள் பலருக்கும் ரீமாஸ்டரும் ரீமிக்ஸும் ஒன்றாகவே தெரிகின்றன. ஸ்டுடியோவில் டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் எல்லாம் தனித்தனி டிராக்காகப் பதிவாகும். அவற்றைக் கலந்து இடது வலது என்று இரண்டே டிராக்காக ஒரு டேப்பில் இறக்குவார்கள். ரீமாஸ்டர் செய்கிறவர் கையில் இருப்பது அந்த இரண்டு டிராக் மட்டும். மொத்தத்துக்குமாக பேஸைக் கூட்டலாம், டேப் இரைச்சலைக் குறைக்கலாம், சத்தத்தை உயர்த்தலாம். கிடாரை மட்டும் ஏற்று என்றால் நடக்காது. சாம்பார் சாதம் பிசைந்த பிறகு பருப்பைத் தனியே எடுக்கச் சொல்வது போலத்தான். அதற்கு மல்டி டிராக் டேப்புக்கே திரும்பிப் போக வேண்டும், அதுதான் ரீமிக்ஸ். பீட்டில்ஸின் ரிவால்வர் ஆல்பத்துக்கு 2022இல் வந்த ரீமிக்ஸில், ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடந்த வாத்தியங்களையே மென்பொருளால் பிரித்தெடுத்தார்கள். எல்லா ஆல்பத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

கோளாறு இருந்து, அதை நிஜமாகவே தீர்த்தவை உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் பெக்கர்ஸ் பாங்க்வெட் 1968இல் வந்ததிலிருந்தே இருக்க வேண்டிய வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுருதியும் அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. 2002 மறுவெளியீட்டில்தான் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே கிடாரை எடுத்து வாசித்துப் பழகுகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். இதற்குக் காசு கொடுக்கலாம்.

சிடி 1982இல் வந்தது. ஆரம்ப வருஷங்களில் அவசர அவசரமாகப் பழைய ஆல்பங்களைச் சிடியில் ஏற்றினார்கள். மூல டேப்பைத் தேடப் பொறுமையில்லாமல், கையில் கிடைத்த நகலையோ, இசைத்தட்டு வெட்டுவதற்கென்று பேஸையெல்லாம் அடக்கி வைத்திருந்த டேப்பையோ போட்டுவிட்டவர்கள் அதில் உண்டு. அப்படிப்பட்ட சிடிதான் உங்களிடம் இருக்கிறது என்றால், மூல டேப்பிலிருந்து எடுத்த புதுப் பதிப்பு கேட்க வேறு ஆல்பம் போலவே இருக்கும். ஆனால் எண்பதுகளின் சிடி எல்லாமே மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல டேப்பிலிருந்து யாரும் கைவைக்காமல் அப்படியே இறக்கிய சிடிகளும் அந்தக் காலத்தில்தான் வந்தன. பழைய சாமான் கடையில் நூறு ரூபாய்க்கு அப்படியொன்று கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன்.

ஜெத்ரோ டல்லின் அக்வாலங் இன்னொரு நல்ல உதாரணம். 1971இல் வந்த மிக்ஸே மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவது போல இருக்கும். எத்தனை முறை ரீமாஸ்டர் செய்தாலும் போர்வை விலகவில்லை, ஏனென்றால் கோளாறு இருந்த இடம் மிக்ஸ். 2011இல் ஸ்டீவன் வில்சன் மல்டி டிராக்கிலிருந்து புதிதாகக் கலந்த பிறகுதான் அந்த ஆல்பத்துக்கு மூச்சு வந்தது.

இனி சத்தத்துக்கு வருவோம். இதைத்தான் நான் அதிகம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

பாட்டில் மெல்லிய இடம் இருக்கும், ஓங்கி அடிக்கிற இடமும் இருக்கும். டிஜிட்டலில் உச்ச அளவு என்று ஒன்று உண்டு, அதைத் தாண்ட முடியாது. அப்படியானால் மொத்தப் பாட்டையும் சத்தமாக்குவது எப்படி? உச்சங்களை லிமிட்டர் போட்டு வெட்டிவிட்டு, மிச்சத்தை மேலே தூக்குவார்கள். டிரம்ஸின் முதல் அடி மழுங்கும், மெல்லிய இடமும் பெரிய இடமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இந்தப் போட்டி வெறியாகவே மாறியது. மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் 2008இல் வந்தபோது ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாடல்கள் கிடார் ஹீரோ வீடியோ கேமில் அந்த நசுக்கல் இல்லாமல் வந்திருந்தன. சிடியைவிட கேம் நன்றாக ஒலித்தது! ரஷ் குழுவின் வேப்பர் ட்ரெயில்ஸ் 2002இல் வந்து இதே சங்கடத்தில் மாட்டி, 2013இல் முழுதாக ரீமிக்ஸ் ஆகி மறுபடி வெளியானது.

அது அப்போதைய புது இசை. வருத்தம் என்னவென்றால், 1970களில் காற்றோட்டமாகப் பதிவான ஆல்பங்களையும் இதே ஆலையில் போட்டுப் பிழிந்து, மேலே ரீமாஸ்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கடையில் இரண்டையும் போட்டுக் காட்டினால் பிழிந்ததுதான் ஜெயிக்கும். நம் காது அப்படித்தான். சத்தம் கூடினால் பேஸும் மேல் ஸ்தாயியும் கூடியது போலத் தோன்றும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். ஒரு டெசிபல்கூட வேண்டாம், அதற்கும் குறைவான வித்தியாசமே போதும். சத்தம் கூடியிருக்கிறது என்று கேட்பவருக்குத் தோன்றாது, தெளிவு கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும்.

என் அறைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்து காட்டுவது இதைத்தான். பழைய சிடி, புது ரீமாஸ்டர் இரண்டையும் கணினியில் ஏற்றி, சராசரிச் சத்தத்தைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடுவேன். ரீமாஸ்டர்தான் பிரமாதம் என்று அடித்துச் சொன்ன பையன்கள் பாதிப் பாட்டில் தடுமாறுவார்கள். பழையதையே ரீமாஸ்டர் என்று நினைத்து எடுத்தவர்களும் உண்டு. வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். சத்தத்தைச் சமன்செய்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பாட்டோடு நிறுத்தாதீர்கள். முழு ஆல்பத்தையும் கேளுங்கள். முப்பது நிமிஷத்தில் காது களைத்து, கை தானாக வால்யூமைக் குறைக்கப் போனால் அது பிழிந்த பதிப்பு.

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் இப்போது எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கிற அலகு) என்ற ஒரே அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கின்றன. பிழிந்து சத்தமாக்கியதால் அங்கே லாபம் ஒன்றும் இல்லை, மழுங்கல்தான் மிச்சம். இதை எங்கள் காயர் மாஸ்டர்களுக்குப் புரியவைக்க நான் படுகிற பாடு தனிக்கதை. “தம்பி, பக்கத்து சர்ச் ஆல்பம் நம்மளுதவிட சத்தமா கேக்குதே” என்பார்கள்.

இணையத்தில் டைனமிக் ரேஞ்ச் டேட்டாபேஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. ஒரே ஆல்பத்தின் வெவ்வேறு பதிப்புகளை அளந்து எண் போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் பிழியல் குறைவு. சிடியையும் சிடியையும் ஒப்பிட அது உதவும். இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவுக்கு அந்த எண் இயல்பாகவே உயர்ந்து காட்டும் என்பதால், அங்கே அதை நம்பி ஏமாற வேண்டாம்.

கோளாறே இல்லாததில் கைவைத்துக் கெடுத்ததும் நடந்திருக்கிறது. பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களின் 2002 மறுவெளியீட்டில், அசலில் வாசித்த பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் தூக்கிவிட்டு, வேறு ஆட்களை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து ஒட்டினார்கள். 2011 பதிப்பில்தான் அசல் திரும்பியது. செகண்ட் ஹேண்டில் 2002 பிரதி மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது மகிழ்ந்தால் சொல்லிவையுங்கள்.

டார்க் சைட் ஆஃப் தி மூன் கேட்ட பிள்ளைக்கு நான் சொன்னது: 1973 மிக்ஸில் கோளாறு ஒன்றும் இல்லை. 1992, 2003, 2011, 2023 என்று அதையே மறுபடி மறுபடி விற்கிறார்கள். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கென்று 2003இல் 5.1 மிக்ஸும், 2023 பெட்டியில் அட்மாஸ் மிக்ஸும் வந்தன. அவற்றைக் கேட்கிற ஸ்பீக்கர் வசதி வீட்டில் இருந்தால் அது புது அனுபவம். இரண்டே ஸ்பீக்கர்தான் என்றால், கையில் இருக்கிற 2011 சிடியே ஏராளம். ஹாஸ்டல் அறையில் இருப்பது ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று தெரிந்ததும் பேச்சு அதோடு முடிந்தது.

இசைத்தட்டு வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் விசாரிக்க வேண்டும். தட்டு வெட்டியது டேப்பிலிருந்தா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா? பீட்டில்ஸின் 2012 ஸ்டீரியோ தட்டுகள், 2009இல் சிடிக்காகச் செய்த டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வந்தவை. 2014 மோனோ (இடது வலது என்று பிரிக்காத ஒற்றை ஒலி) தட்டுகளைக் கணினி குறுக்கிடாமல் நேரே டேப்பிலிருந்து வெட்டினார்கள். கடையில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். டிஜிட்டல் என்பதால் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள் முழுக்க அனலாக், அதாவது டிஜிட்டல் கலக்காமல் டேப்பிலிருந்தே வந்தவை என்று நம்பித்தான் பலர் வாங்கினார்கள். பல ஆண்டுகளாக நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பது 2022 ஜூலையில் வெளியானது. அதுவரை அனலாக்கின் இனிமையே இனிமை என்று எழுதிவந்த காதுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல வேலை நல்ல வேலைதான். மறைத்து விற்றதுதான் தப்பு. ஆகவே அட்டையில் மாஸ்டரிங் செய்தவர் பெயரும் மூலமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ஹெவிவெயிட் வினைல், 180 கிராம் என்று மட்டும் போட்டிருந்தால் மயங்காதீர்கள், அது தட்டின் எடை, ஒலியின் தரம் அல்ல.

ஊர்க்காரர்களுக்குத் தனியாக இரண்டு சொல்ல வேண்டும். சூட்கேஸ் மாதிரி வருகிற மலிவு பிளேயர்களில் ஊசியின் பாரம் நாலைந்து கிராம் வரை போகும். ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜ் நல்லதாக இருந்தால் சுமார் இரண்டு கிராமில் ஓடும். நாலாயிரம் ரூபாய்த் தட்டை அந்தச் சூட்கேஸில் போட்டால் எந்த ரீமாஸ்டரின் அருமையும் கேட்காது, தட்டும் சீக்கிரம் தேயும். அந்தக் காசுக்கு ஒழுங்கான ஊசி வாங்கலாம். கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான தாத்தா காலத்துத் தட்டுகள் வீட்டில் இருந்தால் முதலில் அவற்றைக் கழுவுங்கள். பாகாயம் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற டாக்டர் வீட்டிலிருந்து வந்த பழைய பீட்டில்ஸ் தட்டு, தூசு போனதும் எந்தப் புது அச்சுக்கும் சளைக்காமல் பாடியது.

இரண்டாவது, நம் வெயில். இசைத்தட்டு பிவிசி பிளாஸ்டிக்தான். ஏப்ரல், மே மாதங்களில் கூரியர் வண்டிக்குள் ஒரு மத்தியானம் கிடந்தாலே வளைந்துவிடும். வளைந்த தட்டைத் திருப்பி வாங்குவார்களா என்று ஆர்டர் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலைக்குத் தள்ளிப்போடுவது அதைவிட உத்தமம்.

நானாக இருந்தால் பீட்டில்ஸ் 2009 மோனோ சிடிகளை வாங்குவேன், அவற்றில் லிமிட்டரே போடவில்லை. அக்வாலங் 2011 வாங்குவேன். பாடகர் இகி பாப் தன் குழுவின் ‘ரா பவர்’ ஆல்பத்தைத் தானே 1997இல் ரீமிக்ஸ் செய்த பதிப்பைக் காசு கொடுத்து வாங்க மாட்டேன். அவர் வேண்டுமென்றே சத்தத்தை உச்சிக்கு ஏற்றியது அது. யாராவது பரிசாகக் கொடுத்தால், வால்யூமைக் குறைத்துவைத்துக் கேட்பேன்.