பூனைக்குச் சர்க்கரை நோயா? சாப்பாட்டை மாற்றும் முன் ஊசி அளவைக் கேளுங்கள்

மணல் தட்டைச் சுற்றி எறும்பு மொய்க்கிறது. தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப நிரப்பக் காலியாகிறது. நன்றாகத் தின்கிற பூனைக்கு முதுகெலும்பு துருத்துகிறது. ஆத்தங்குடிக் கல்லில் நடக்கும்போது பின்னங்கால் குதிமூட்டு தரையில் படிகிறது. விரலூன்றி நடக்க வேண்டிய பிராணி மனிதரைப் போலப் பாதம் பதித்து நடக்கிறது. இதையெல்லாம் கவனித்து, ரத்தம் பார்த்து, இன்சுலினும் தொடங்கிவிடுகிறீர்கள். அதுவரை சரி. பிறகு ஏதோ வீடியோ பார்த்து, உலர் தீனியை ஒரே நாளில் நிறுத்திக் கோழிக்கறிக்கு மாற்றி, ஊசியை மட்டும் பழைய அளவிலேயே போட்டு, விடியற்காலையில் வலிப்பு வந்த பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கி வருகிறீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இது மறுபடி மறுபடி நடக்கிறது.

முதலில் இந்தக் கவுனி அரிசி, அதாவது கறுப்பரிசி விஷயம். வீட்டில் அப்பச்சிக்குச் சர்க்கரை என்று வெள்ளை அரிசியை நிறுத்திக் கவுனி, தினை, கோதுமை ரவை என்று மாற்றியிருப்பார்கள். பூனைக்கும் அதே பானையிலிருந்து ஒரு கரண்டி. “சீனியே காட்டுறதில்லை டாக்டர், கவுனிக் கஞ்சிதான் ஊத்துறோம்” என்று ஆச்சிமார் சொல்வது அக்கறையோடுதான். ஆனால் பூனைக்கு அரிசி கறுப்பா வெள்ளையா என்பது பொருட்டே இல்லை. மனிதருக்கு மாவு மெதுவாகச் செரித்தால் நன்மை உண்டு. பூனையின் உமிழ்நீரில் மாவை உடைக்கும் நொதியே கிடையாது. ஒரேயடியாக வரும் குளுக்கோஸைப் பிடித்து வைக்க மனிதக் கல்லீரலில் இருக்கும் நொதி பூனைக் கல்லீரலில் மிகக் குறைவு. புரதத்திலிருந்தே தனக்கு வேண்டிய சர்க்கரையை நாள் முழுதும் தயாரித்துக்கொள்ளும் உடம்பு அது. கேழ்வரகு, ஓட்ஸ், சப்பாத்தி, இட்லி, தயிர்ச்சோறு, பால்சோறு, பிஸ்கட் எல்லாம் அதற்கு ஒரே கணக்குத்தான். வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு வேண்டவே வேண்டாம். உங்கள் மாத்திரை டப்பாவில் மிஞ்சிய மெட்ஃபார்மினையும் தொடாதீர்கள். “சுகர் வந்துட்டா கறியைக் குறைக்கணுமே” என்பது இன்னும் மோசம். பூனைக்குக் குறைக்க வேண்டியது சோற்றை. கறியைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது பாக்கெட் தீனி. ‘தானியம் இல்லாதது’ என்று அட்டையில் போட்டிருந்தால் மாவு இல்லை என்று பொருளில்லை. உருளைக்கிழங்கும் பட்டாணியும் மரவள்ளியும் உள்ளே இருக்கும். நீங்களே கணக்குப் போடலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) ஐந்தையும் கூட்டி 100-இல் கழித்தால் வருவது மாவுச்சத்து. சாம்பல் அச்சிடாவிட்டால் உலர் தீனிக்கு 8, ஈரத் தீனிக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவு 38. புரதத்தையும் மாவையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்குங்கள்: 105, 133, 85, மொத்தம் 323 கலோரி. அதில் மாவின் பங்கு 41 சதவீதம். நமக்கு வேண்டியது சுமார் 12-க்குள். ஈரப் பாக்கெட்டில் புரதம் 9, கொழுப்பு 3, நார் 1, ஈரம் 83, சாம்பல் 2 என்றால் இதே கணக்கில் 11 வரும். கிரேவி வகையைவிட அரைத்துக் கட்டியாக இறுகிய வகை நல்லது. கிரேவியைக் கெட்டியாக்குவதே பெரும்பாலும் மாவுதான்.

ஈரத் தீனி கட்டுப்படியாகாது என்பவர்கள் வீட்டில் கோழிக்கறி வேகவைக்கலாம்: எலும்பில்லாத தொடைக்கறி, கூடவே இதயம், கொஞ்சம் ஈரல். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து வெந்த தண்ணீரில் இறங்கிவிடும். அதைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். வெறும் கறியில் சுண்ணாம்புச்சத்து போதாது. அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடி, அத்துடன் மருத்துவர் எழுதித் தரும் டாரின், வைட்டமின் இல்லாமல் மாதக் கணக்கில் ஓட்டாதீர்கள். குழம்பில் கிடந்த கறியைக் கழுவிப் போடும் வேலை கூடாது: சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும், கழுவினால் போகாது. மீன் வாரத்தில் ஓரிரு நாள் போதும், அதுவும் வேகவைத்து. கருவாடு வேண்டாம். சிறுநீரகம் கெட்டிருந்தால் இந்த உணவுமுறையே மாறும். ஆகவே ரத்தப் பரிசோதனை முதலில்.

மாற்றுவது பத்து நாள் வேலை. முதல் மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுதும். மாவு குறையக் குறைய இன்சுலின் தேவையும் இறங்கும், சில பூனைகளுக்குச் சில நாட்களிலேயே பாதியாகிவிடும். அதனால் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கூப்பிட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கொரு ஊசி என்றால் ஒவ்வொன்றுக்கும் முன் சர்க்கரை மீட்டரில் பாருங்கள். வெதுவெதுப்பான துணியால் காதைச் சூடாக்கி, ஓரத்தில் ஓடும் ரத்தக்குழாயை ஒட்டிக் குத்தினால் ஒரு சொட்டு வரும். 200-க்குக் கீழே இருந்தால் போன் பண்ணாமல் ஊசி போடாதீர்கள். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிரிஞ்சையும் பாருங்கள். சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக 100. அதைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். கடைக்காரர் தந்தார் என்பதெல்லாம் பூனைக்குத் தெரியாது.

தள்ளாட்டம், வெறித்த கண், அசாதாரணப் பசி, துவண்டு கிடப்பது, வலிப்பு: சர்க்கரை இறங்கிவிட்டது. மீட்டரைத் தேடி நேரம் கடத்த வேண்டாம். தேனோ கெட்டியான குளுக்கோஸ் கரைசலோ ஈறில் தடவுங்கள். வலிப்பின்போது வாயில் ஊற்றவும் கூடாது, பல்லிடுக்கில் விரலை விடவும் கூடாது. தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து உடனே கிளம்பி வாருங்கள்.

புதுச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகிறதா? “பசிச்சா தானா திங்கும்” என்று பட்டினி போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே வரும். பழைய தீனிக்கே திரும்பி, இரண்டு நாள் கழித்துச் சிட்டிகை அளவிலிருந்து தொடங்குங்கள். தின்னாத வேளையில் ஊசியை வழக்கம்போல் போடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

நோய் வந்த சில மாதங்களுக்குள் ஒழுங்காக மாற்றினால் ஊசியே வேண்டாத நிலைக்குப் பல பூனைகள் வருகின்றன. அப்போதும் பால்சோற்றுக்குத் திரும்ப வழியில்லை. வாரம் ஒரு தடவை மீட்டரும் எடையும் பார்க்க வேண்டும். அரிப்புக்கென்று எங்காவது ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால், இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது என்று முதலில் சொல்லுங்கள்.