தாத்தா காலத்து மத்தியஸ்தத் தீர்ப்பு: பதிவு இல்லை என்பதற்காகத் தூக்கிப் போடாதீர்கள்

மஞ்சள் பையிலிருந்து அந்த அம்மா எடுத்துக் கொடுத்த காகிதம் நான்காக மடித்திருந்தது. மடிப்பு கிழிந்த இடத்தில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். தேதி 1926. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் மத்தியஸ்தர்களாக இருந்து, அண்ணன் தம்பி இருவருக்கும் நஞ்சையையும் மனையையும் பிரித்துக் கொடுத்த தீர்ப்பு. எட்டு மாதமாக அதைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அலைந்திருக்கிறார். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "பதிவு பண்ணாத பத்திரம் செல்லாதும்மா."

அது தப்பான பதில். 1926-இல் மத்தியஸ்தர் தீர்ப்பைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டமே இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இப்படி அலைகிறவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். சட்ட வரலாறு இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும். மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களில் 1859 முதல் சிவில் நடைமுறைச் சட்டம்தான் மத்தியஸ்தத் தீர்ப்புகளைக் கோர்ட்டுக்குள் கொண்டுவந்தது. 1908-இல் அந்தச் சட்டத்தைப் புதிதாகப் போட்டபோது, அதன் இரண்டாம் அட்டவணைக்கு இந்த விதிகள் போயின. மதராஸ் பட்டணம் போன்ற மாகாணத் தலைநகரங்களுக்கு 1899-இல் தனிச் சட்டம் வந்தது. 1940 ஜூலை 1 முதல் 1996 வரை எல்லா இடத்துக்கும் ஒரே மத்தியஸ்தச் சட்டம். இனி உங்கள் காகிதத்துக்கு வருவோம்.

முதலில் தேதியைப் பாருங்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு பற்றிய பத்திரங்களைப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கட்டாயம் பதியச் சொல்கிறது. அதே பிரிவில் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. கோர்ட் டிக்ரியோடு (கோர்ட் போடும் தீர்ப்பாணை) சேர்த்து மத்தியஸ்தர் தீர்ப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1929-இல் திருத்தம் செய்து தீர்ப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆகவே 1929-க்கு முந்தைய தீர்ப்புக்குப் பதிவு தேவையில்லை. 1930-க்குப் பிறகு எழுதிய, நிலத்தைப் பங்கிடும் தீர்ப்புக்குத் தேவை. கவுண்டரில் இருக்கிறவருக்கு இந்தத் திருத்தம் தெரிந்திருக்காது. இன்றைய சட்டத்தை வைத்துப் பேசுவார். வாய்ச்சண்டை வேண்டாம். இந்த விஷயத்தை மனுவில் எழுதிக் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், அது உண்மையில் மத்தியஸ்தர் தீர்ப்புதானா என்று பாருங்கள். பெரும்பாலான சிக்கல் இங்கேதான். தீர்ப்பு என்றால், இரண்டு தரப்பும் "நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பல ஊர்களில் முச்சலிகா என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அது கிடைத்தால் தீர்ப்புக்குச் சமமாகப் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பின் கீழே மத்தியஸ்தர்கள் கையெழுத்து இருக்க வேண்டும். அண்ணன் தம்பியே "நாங்கள் இப்படிப் பிரித்துக்கொண்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெரியவர்கள் சாட்சியாக மட்டும் நின்றிருந்தால், அது பாகப்பிரிவினைப் பத்திரம். அதற்கு அப்போதும் விலக்கு இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கிளப்பும் வாதம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, அந்தத் தீர்ப்பு கோர்ட்டுக்குப் போனதா? 1908 சட்டப்படி, தீர்ப்பான ஆறு மாதத்துக்குள் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்து டிக்ரி வாங்கலாம். டிக்ரி ஆகியிருந்தால் உங்கள் நிலை பலமானது. கோர்ட் டிக்ரிக்குப் பதிவு விலக்கு தொடர்ந்து இருந்ததால், வில்லங்கச் சான்றில் அது வராமல் போகலாம். வில்லங்கத்தில் இல்லை, அதனால் டிக்ரியே இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நகல் கேட்கப் போகும்போது ஒன்று கவனியுங்கள். கோர்ட் பதிவறையில் "மத்தியஸ்த ஃபைல்" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் அட்டவணைப்படி வந்த தாக்கல் மனுவை அசல் வழக்காகவே எண்ணிட்டுப் பதிய வேண்டும். ஆகவே ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பர் போட்ட வழக்குப் பதிவேட்டில், அந்த ஆண்டை ஒட்டி, இரண்டு தரப்புப் பெயரிலும் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். மதராஸ் பட்டணத்துச் சொத்து என்றால் கதை வேறு. 1899 சட்டப்படி ஹைகோர்ட்டில் தாக்கலான தீர்ப்பையே டிக்ரி போல நிறைவேற்றலாம். தனி டிக்ரி இருக்காது, தாக்கல் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும்.

கோர்ட்டுக்கே போகாத தீர்ப்பா? 1940-க்கு முன்பு அதை வைத்துத் தனியாக வழக்குப் போட வழி இருந்தது. 1940 சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. கோர்ட்டில் தாக்கல் செய்து, அதன்படி கோர்ட் தீர்ப்பும் டிக்ரியும் வாங்கினால்தான் பலம் என்று ஆக்கிவிட்டது. 1940-க்குப் பின், அந்தச் சட்டம் இருந்த காலத்தில் எழுதி, பதியாமல், டிக்ரியும் ஆகாமல் கிடக்கும் காகிதம் பலவீனமானது. மறைக்காமல் சொல்கிறேன், அதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். தீர்ப்பை இரு தரப்பும் ஏற்று, அதன்படி தனித்தனியாக அனுபவித்து வந்ததைக் காட்டுங்கள். தனிப் பட்டா, பிரித்துக் கட்டிய கிஸ்தி ரசீது, அடங்கல் (ஊர்ச் சாகுபடிக் கணக்கு) எல்லாவற்றையும் சேருங்கள். பதியாத பத்திரமானாலும், யார் எந்தத் துண்டை எந்த முறையில் அனுபவித்தார்கள் என்பதைக் காட்டும் துணை நோக்கத்துக்குப் பதிவுச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

முத்திரைத்தாள் விஷயத்தில்தான் பயமுறுத்திப் பணம் பார்க்கிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதியது என்றால், முத்திரைத் தீர்வையும் பத்து மடங்கு அபராதமும் கட்டாமல் கோர்ட் அதைத் தொடாது, உண்மைதான். ஆனால் தீர்வையைக் கணக்கிடுவது எழுதிய நாளில் இருந்த சட்டப்படி. இன்றைய சந்தை மதிப்பைப் பெருக்கி லட்சக்கணக்கில் சொல்கிறவரிடம் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

இந்த வழி மூலப் பத்திரத்துக்கு மட்டும்தான். முத்திரை இல்லாத பத்திரத்தின் ஜெராக்ஸுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. அதனால் மூலத்தைப் புரோக்கரிடமோ, "ஆபீசில் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்கிறவரிடமோ கொடுத்துவிடாதீர்கள். லேமினேட் செய்யவும் வேண்டாம். அந்த அம்மாவின் பேரன் அந்த வாரமே செய்வதாக இருந்தான், நல்லவேளை தடுத்தோம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரம், இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், கையெழுத்து உண்மையானது என்று கோர்ட் அனுமானிக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே அது இருந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பதிவறையில் "பழைய கட்டு அழித்தாச்சு" என்று வாயால் சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். நகல் மனுவின் மேலேயே அதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்லுங்கள். மூலமும் கோர்ட் கட்டும் இல்லாதபோது பழைய நகலைச் சாட்சியமாகக் கொடுக்க, அந்த ஒரு வரி எழுத்துதான் பின்னால் கைகொடுக்கும்.