பாத்திதெர்மோகிராஃப்: ஆழ வெப்பவரைவி

கடலியல் அறிக்கைகளில் பிடி (BT), எக்ஸ்பிடி (XBT) என்று சுருக்கமாக அடிபடும் கருவி இது. பெயரில் மூன்று கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன: 'பாத்திஸ்' ஆழமானது, 'தெர்மே' வெப்பம், 'கிராஃபெயின்' எழுதுவது. ஆழம் கூடக் கூடக் கடல்நீரின் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை வரைந்து தரும்.

முன்பெல்லாம் இதை அறியக் கப்பலை நிறுத்தி, வெப்பமானிகளைக் கம்பியில் கட்டி இறக்கவேண்டும். 1930களின் பிற்பகுதியில் ஆதல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கிய கருவியை ஓடும் கப்பலிலிருந்தே இறக்கலாம். வெப்பநிலை மாறும் இடத்தில் ஒலி வளையும் என்பதால், ஒலியை அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடிய கடற்படைகள் இரண்டாம் உலகப் போரில் இதை நிறையவே பயன்படுத்தின.

உள்ளே புகை படிந்த சிறு கண்ணாடித் தகடு ஒன்று. நீரழுத்தம் தகட்டை நகர்த்தும், வெப்பம் முள்ளை நகர்த்தும். ஓலையில் எழுத்தாணி கீறுவதுபோல முள் புகையைக் கீறிக்கொண்டே போகும். கிராஃபெயினின் பழைய பொருளும் கீறுவதுதான்!

இதை 'ஆழ்கடல் வெப்பமானி' என்று எழுதினால் இரண்டு இடத்தில் பிசகும். பழைய கருவி ஆயிரம் அடிக்குமேல் இறங்காது. அது ஆழ்கடலே இல்லை. மானி அளவைக் காட்டும். இது கோடாகவே வரைகிறது. அதனால் ஆழ வெப்பவரைவி என்பதே சரி. கருவி வரைவி, அது தரும் கோடு வரைவு.

அப்புறம் 1960களில் வந்தது எக்ஸ்பிடி. முதல் எழுத்துக்கு உரிய சொல் 'எக்ஸ்பெண்டபிள்', திரும்ப எடுக்காமல் விட்டுவிடுவது. தமிழில் 'ஒருமுறை ஆழ வெப்பவரைவி' என்று சொல்லலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வெப்பநிலையைக் கப்பலுக்கு அனுப்பும் மெல்லிய செப்புக் கம்பி. கப்பலில் ஒரு சுருள், விழும் கருவிக்குள் இன்னொரு சுருள். இரண்டும் தனித்தனியே அவிழ்வதால், நீருக்குள் போன கம்பி இழுபடாமல் கிடக்கிறது. கப்பல் தன் வேகத்திலேயே போகலாம். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும். ஆழத்தை இது அளப்பதில்லை. நீரைத் தொட்ட நொடியிலிருந்து விழுந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். விநாடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர்.

கப்பலுக்குள் குழாய் வழியே ஓயாமல் வரும் மேற்பரப்பு நீரில் வெப்பநிலையையும் உப்பையும் பதியும் தெர்மோசலினோகிராஃபுக்கும் இதே முறையில் பெயர் வைக்கலாம்: வெப்ப உவர்ப்புவரைவி.